இது யார் கூற்று?
காலநிலைக் கல்வித் திட்டங்கள் குறித்து ஒரு தலித் வாசிப்பு

‘விழிப்புணர்வு’ என்கிற சொல்லிலிருந்து தொடங்கலாம். எய்ட்ஸுக்கு விழிப்புணர்வு, போலியோவுக்கு விழிப்புணர்வு, மழைநீர்ச் சேகரிப்புக்கு விழிப்புணர்வு, இப்போது காலநிலை மாற்றத்துக்கு விழிப்புணர்வு. இந்தச் சொல்லுக்குள் ஒரு காட்சி ஒளிந்திருக்கிறது. ஒருவன் தூங்குகிறான், இன்னொருவர் மெனக்கெட்டு வந்து அவனைத் தட்டி எழுப்புகிறார். தூங்குகிறவனுக்கு ‘அன்’ விகுதியும் எழுப்புகிறவருக்கு ‘அர்’ விகுதியும் தானாக வந்து விழுவதைக் கவனியுங்கள்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சேரியில் யாரும் தூங்குவதில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் கிடக்கிறது. வாய்க்கால் உடைத்துக்கொண்டால் தண்ணி முதலில் வருவது நம்ம வாசலுக்குத்தான். அரிசியையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏத்தி வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கயித்துக்கட்டிலில் போட்டுவிட்டு, வாசப்படியில் தண்ணி எத்தனை விரக்கடை ஏறியிருக்கு என்று சிம்னி வெளிச்சத்தில் பார்த்தபடி அம்மாக்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். இவர்களை எழுப்புவதற்குத்தான் உலக அளவில் திட்டம் போடப்படுகிறது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. கடல் ஏன் சூடேறுகிறது, நிலக்கரிப் புகைக்கும் பருவம் தப்பிய மழைக்கும் என்ன தொடர்பு என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளும் தேவை மற்ற எவரையும்விட நமக்குத்தான் அதிகம். அறிவியலே மேற்கத்திய ஆதிக்கம் என்று கைகழுவுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழையவே தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள் நாம். கல்வி வேண்டாம் என்று சொல்கிற சொகுசு நமக்குக் கிடையாது. என் கேள்வி வேறு. இந்தக் கல்வியைத் திட்டமிடுகிற பிரதிகளில் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், பேச இடமில்லாமல் நிற்பவர் யார்? தமிழ் எம்.ஏ. படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. எந்தப் பாட்டைப் பார்த்தாலும் ‘இது யார் கூற்று’ என்று முதலில் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கேள்வியை ஐ.நா. பிரதிகளிடமும் கேட்டுப் பார்ப்போம்.

1992இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1994 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கை. அதன் 6ஆம் பிரிவுதான் கல்வி, பயிற்சி, விழிப்புணர்வு பற்றிப் பேசுவது. பத்து வருஷம் அது ஏட்டளவில் கிடந்தது. 2002இல் புதுதில்லியில் கூடிய மாநாட்டில் அதற்கொரு ஐந்தாண்டு வேலைத்திட்டம் போட்டார்கள். பிறகு அதை நீட்டித்தார்கள். 2012இல் தோஹாவில் எட்டாண்டுத் திட்டம். 2015 பாரீஸ் ஒப்பந்தத்தில் 12ஆம் பிரிவு. 2021இல் கிளாஸ்கோவில் பத்தாண்டுத் திட்டம், மறுவருஷம் ஷர்ம் எல்-ஷேக்கில் அதற்கொரு நான்காண்டுச் செயல்திட்டம். ஊர் ஊராகப் போய்த் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 2015வாக்கில் இந்த வேலை முழுவதற்கும் ‘காலநிலை அதிகாரமளிப்புக்கான செயல்பாடு’ என்று பெயரும் வைத்தார்கள். அதிகாரம் அளிக்கிறார்களாம்.

மூலமான 6ஆம் பிரிவை வரி வரியாக வாசித்தால் எழுவாய் ஒன்றுதான்: உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அரசுகள். அவை கல்வித் திட்டங்களை உருவாக்கும், தகவல் கிடைக்கச் செய்யும், மக்கள் பங்கேற்பை ஊக்குவிக்கும், பயிற்சி தரும். யாருக்குப் பயிற்சி? அறிவியல், தொழில்நுட்ப, மேலாண்மைப் பணியாளர்களுக்கு. அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாற்று நடுகிறவளோ, உப்பு வாருகிறவரோ, வெள்ளம் வடிந்ததும் சாக்கடையில் இறக்கப்படுகிறவரோ பயிற்சி பெறுகிறவராகக்கூட அந்த வரியில் இல்லை. பயிற்சி தருகிறவராக எங்கே இருக்கப்போகிறார்?

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அந்தப் பிரிவில் ஒரு நல்ல வாசகம் உண்டு. காலநிலை மாற்றத்தையும் அதன் விளைவுகளையும் எதிர்கொள்வதிலும், அதற்கான வழிகளை உருவாக்குவதிலும் மக்கள் பங்கேற்க வேண்டும் என்பது அது. அந்தப் பிரிவில் ஆறு கூறுகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்: கல்வி, பயிற்சி, விழிப்புணர்வு, தகவல் பெறுதல், பங்கேற்பு, நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு. இவற்றில் தகவலும் பங்கேற்பும்தான் அதிகாரத்தைத் தொடுகிறவை. மற்றவற்றை எதையும் தொடாமலே நடத்திவிடலாம். ஒரு பேனர், ஒரு ஊர்வலம், ஓவியப் போட்டி, தொப்பி, டீ ஷர்ட். நான் பார்த்த வரையில் காசும் ஆளும் போகிற திசை இந்தப் பக்கம்தான்.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் பெருமைப்பட என்ன இருக்கிறது? சூழலியல் மேடையில் ஐந்திணையைச் சொல்லாத தமிழறிஞரை நான் இதுவரை பார்த்ததில்லை. நிலமும் பொழுதும் கருப்பொருளும் மனித ஒழுக்கத்தோடு இணைந்த மரபு நம்முடையது என்பார்கள். கைதட்டு விழும். அதே தொல்காப்பிய அகத்திணையியலில் அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டிருப்பதையும், உரைகாரர்கள் அவர்களைக் கைக்கிளை பெருந்திணைக்கு ஒதுக்கிவிட்டதையும் எந்த மேடையிலும் சொல்வதில்லை. நிலத்தில் இறங்கி வேலை செய்கிறவன் நிலத்தின் ஒழுக்கத்துக்கு வெளியே இருக்கிறான். ஐ.நா. அறிக்கையில் அவனைக் காணோம் என்று புலம்புவதற்கு முன்னால் நம்ம இலக்கணத்தில் அவனை எங்கே வைத்தோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேறு மாதிரி எழுதியிருக்க முடியுமா? முடியும். எழுதியும் இருக்கிறார்கள். ரியோவுக்கு எட்டு மாதம் முன்னால், 1991 அக்டோபரில், வாஷிங்டனில் கறுப்பின மக்களும் பூர்வகுடிகளும் லத்தீன், ஆசிய வம்சாவளியினரும் ஒன்றுகூடி சுற்றுச்சூழல் நீதிக்கான 17 கொள்கைகளை ஏற்றார்கள். அந்தக் கூட்டம் திடீரென்று கூடியதல்ல. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகமாக வாழும் இடமாகப் பார்த்து நச்சுக் கழிவைப் புதைக்க அரசு வந்தபோது, லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்து 500 பேருக்கு மேல் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் நீட்சி அது. அவர்களுடைய 16ஆவது கொள்கை கல்வி பற்றியது: இன்றைய, நாளைய தலைமுறைகளுக்கான கல்வி தங்கள் அனுபவத்திலிருந்தும் தங்கள் பல்வேறு பண்பாட்டுப் பார்வைகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டு பிரதிக்கும் நடுவில் எட்டே மாதம். ஒன்று ‘எங்கள் அனுபவத்திலிருந்து’ என்கிறது. மற்றது ‘மேலாண்மைப் பணியாளர்’ என்கிறது. உலகத் திட்டம் எந்தப் பிரதியின் மேல் கட்டப்பட்டது என்பது தெரிந்ததே.

சில வருஷத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான். வெளிநாட்டில் தயாரான காலநிலைக் கல்விக் கையேட்டைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்து, கடலோர மாவட்டம் ஒன்றில் நடக்கும் பயிலரங்கிலும் கூட இருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘கம்யூனிட்டி’ என்கிற சொல். கம்யூனிட்டி பங்கேற்க வேண்டும், கம்யூனிட்டியின் தாங்குதிறன் வளர வேண்டும், கம்யூனிட்டியே முடிவெடுக்க வேண்டும். அகராதியைப் பார்த்தால் ‘சமூகம்’ என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘நீங்க எந்தச் சமூகம்?’ என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சாதியை நாசூக்காகக் கேட்கிற சொல் அது. ஆக ‘உள்ளூர்ச் சமூகமே முடிவெடுக்கட்டும்’ என்று மொழிபெயர்த்தால் அது என்ன ஆகும்? உள்ளூர் ஆதிக்க சாதி முடிவெடுக்கட்டும் என்று ஆகும். இது மொழிபெயர்ப்புத் தவறு இல்லை தோழர்களே, மொழிபெயர்ப்பு உண்மையைப் போட்டு உடைத்துவிட்டது. ‘மக்கள்’ என்று போட்டால் திட்ட அதிகாரி ஒப்பவில்லை. ‘ஊர் மக்கள்’ என்று போடச் சொன்னார். ஊர் என்றால் சேரி அதில் சேராது என்பதை அவருக்கு விளக்கவே அரைநாள் ஆனது.

பயிலரங்கில் முதல் பயிற்சி, ஆளுக்கொரு தாளில் உங்கள் ஊர் வரைபடத்தை வரையுங்கள் என்பது. ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்கள் கோயில், குளம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தெருக்கள் எல்லாம் வரைந்தார்கள். கிழக்கே வாய்க்காலோடு படம் முடிந்துவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் தாள். நம்ம பெண்கள் வரைந்த படத்தில் கோயில் இல்லை. தண்ணி எந்தப் பக்கமிருந்து ஏறும், எந்த மதகு அடைத்துக்கொள்ளும், யார் வரப்பு எவ்வளவு உசரம், எந்த இடத்தில் மாடு கட்டலாம் என்று இருந்தது. ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுச் சுடுகாடு. அதை வரைந்த பெரியம்மா பயிற்றுநரைப் பார்த்து, “மழை இப்பல்லாம் மாசம் தப்பிப் பெய்யுதுன்னு சொல்றீங்க, சரி. மழையில செத்தா பொணத்தை எந்த வழியாத் தூக்கிட்டுப் போறது? வாய்க்கால்ல கழுத்து மட்டும் தண்ணி. ஊருத் தெரு வழியா விட மாட்டேங்கிறான்” என்றார்.

பயிற்றுநர் நல்ல மனிதர்தான். “அது சமூகப் பிரச்சினைம்மா, நாம இன்னைக்குக் காலநிலை பத்திப் பேசலாம்” என்றார்.

இந்த ஒரு பதிலுக்குள் அந்த முழுத்திட்டமும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். மழை கூடினால் வாய்க்கால் நிரம்பும் என்பது காலநிலை. வாய்க்கால் நிரம்பினால் தெரு வழியாகப் போகக்கூடாது என்பது சாதி. பிணத்தைத் தூக்குகிறவனுக்கு இரண்டும் ஒரே தண்ணிதான். கையேட்டில் அவை இரண்டு வெவ்வேறு துறைகள். ஒன்றுக்கு நிதி இருக்கிறது, மற்றதுக்கு இல்லை. பெரியம்மா கேட்டது அன்றைய அறிக்கையில் பதிவாகவில்லை. ‘பெண்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்’ என்று இருந்தது.

அன்று சாயங்காலம் நிறைவு நிகழ்ச்சிக்குப் பறை வைத்திருந்தார்கள். இந்தப் பறை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேசியாக வேண்டும்.

நம் கிராமங்களில் அரசாங்கத்தின் குரல் மக்களிடம் வந்து சேர்ந்தது பறை வழியாகத்தான். ஏலமா, வரிபாக்கியா, வெள்ள எச்சரிக்கையா, எதுவானாலும் தோட்டியோ வெட்டியானோ தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். விழிப்புணர்வுப் பணியின் முதல் ஊழியன் அவன்தான். ஆனால் அவன் வாயில் வருவது அவன் சொல் அல்ல. சேதியைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். சேதி பற்றி அவன் கருத்தை எவனும் கேட்க மாட்டான். 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வளவு காலம் ஓடியிருக்கிறது.

இடையில் நாம் பறையைச் சாவு வீட்டிலிருந்து மீட்டு மேடைக்குக் கொண்டுவந்தோம். அடிமைச் சின்னத்தைப் போர்க் கருவியாக்கினோம். தொண்ணூறுகளில் தலித் கலைவிழாக்களில் அது முழங்கியபோது அதிர்ந்தது தோல் மட்டுமல்ல. இப்போது அதே பறையை ‘மக்கள் ஊடகம்’ என்று திட்டங்கள் வாடகைக்கு எடுக்கின்றன. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி, வசனத்தை மேலிருந்து கொடுத்து, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், மரம் நடுவோம் என்று நம் பிள்ளைகளை ஆடவைக்கிறார்கள். அடிக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், வயிறு இருக்கிறது. ஆனால் இதை என்னவென்று சொல்வது? பழைய தண்டோராவுக்கும் இதற்கும் இடையில் ஒலிபெருக்கியும் சீருடையும் தவிர என்ன வித்தியாசம்? சேதி அவர்களுடையது, குச்சி நம்முடையது. அதிலும் மரம் நடுவோம் என்று பாடுகிறவனிடம் மரம் நட ஒரு செண்டு நிலம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

சர்வதேசப் பிரதிகளில் சாதி என்கிற சொல் இல்லாமல் போனது மறதியால் அல்ல. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் சாதியைச் சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசு மல்லுக்கட்டி நின்றதும், இறுதி ஆவணத்தில் அது வராமல் போனதும் நமக்குத் தெரியும். அடுத்த வருஷமே, 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. அதே 2002இல்தான் தில்லி வேலைத்திட்டமும் வந்தது. ஒரே ஐ.நா.வுக்குள் இரண்டு அறைகள். ஒரு அறையில் பேசியது மற்றதில் கேட்கவில்லை. காலநிலைக் கல்விப் பிரதிகளில் பெண்கள், இளைஞர், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள் என்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வரவேற்கிறேன். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் போராடி உள்ளே நுழைந்தவை. நம் பெயருக்குப் பதிலாக ‘நலிந்த பிரிவினர்’ என்று ஒன்று இருக்கிறது. நலிந்த என்பது என்ன வினை? யார் நலித்தது? ‘பாதிக்கப்பட்டோர்’ என்கிற செயப்பாட்டு வினையைப் போல, செய்தவனைச் சொல்லாமல் தப்பிக்கவிடுகிற இலக்கணம்.

பெயர் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்கிற நண்பர்களுக்கு இரண்டை மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பர் சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் பேரிடர் வந்தால் இங்கே என்ன நடக்கும் என்பதற்கு அதுவே பாடம். நாகை மாவட்டத்தில் நிவாரண முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. படகு போனவனுக்குக் கணக்கு இருந்தது; மீன் சுமந்தவளுக்கும் கரையில் கூலிக்கு நின்றவனுக்கும் கணக்கில் இடமில்லை.

அடுத்தது 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். நகரம் நாறியபோது மற்ற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வண்டியாக ஏற்றி வந்தார்கள். கையுறையும் காலணியும் இல்லாமல் அவர்கள் அள்ளியது அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பிறகு கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்து என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்களாம். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2015 வெள்ளம் அவற்றையும் விட்டுவைக்கவில்லை, 2021லும் தண்ணி ஏறியது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சதுப்பு நிலத்தை மேடாக்கி எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட எந்தக் கலைக்குழுவும் போனதாகத் தெரியவில்லை.

பாடநூல்களுக்கு வருகிறேன். 1991 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகளில் சிலைடு போடவும், வானொலி தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தவும், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவும் உத்தரவிட்டது. இன்று கல்லூரி மாணவர் எல்லாரும் அந்தத் தாளை எழுதித்தான் பட்டம் வாங்குகிறார்கள். நான் புரட்டிய நூல்களில் சிப்கோ இருக்கிறது, அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது, நர்மதை இருக்கிறது. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தது இல்லை. தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று இந்த நாட்டில் அதைவிடக் கூர்மையாகக் கேட்ட போராட்டம் எது? 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது தாமோதர், மகாநதி வெள்ளத்துக்குத் திட்டம் வகுத்த மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். வெள்ளக் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிற பாடத்தில்கூட அந்தப் பெயரை நான் பார்க்கவில்லை.

இதற்கு மாற்றாகச் சில நண்பர்கள் ‘பாரம்பரிய அறிவு’ என்கிறார்கள். பாரீஸ் ஒப்பந்தத்திலும் அது இடம் பிடித்துவிட்டது. கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும் வயல் வயலாகத் தண்ணி பாய்ச்சவும் தெரிந்த நீர்க்கட்டிகள், நீர்பாய்ச்சிகள், மடைக்குடும்பர்கள் பல ஊர்களில் நம்மவர்கள்தான். எந்தக் காற்றுக்கு எந்தக் கரை அரிக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. ஆனால் அந்த அறிவு அடிமை வேலையோடு சேர்ந்து வந்தது. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி கட்டிவிட்டு, குடிக்க அதே குளத்தில் இறங்க முடியாதவனின் அறிவு அது. அப்பன் பார்த்த நீர்க்கட்டி வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போன பையன் செய்தது சரி. அவனைத் திரும்பக் கூப்பிட்டு ‘மரபறிவுக் காவலன்’ என்று சால்வை போட்டு அதே மடையில் நிறுத்துவதற்குப் பெயர் கல்வி அல்ல. அந்த அறிவுக்குக் கூலியும், பாசனச் சங்கத்தில் ஓட்டும், கண்மாய் மீனில் பங்கும் உண்டா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அரசுத் திட்டம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அதுவும் மேலிருந்து வந்த திட்டம்தான், அதற்கும் கலைப்பயணம், பாட்டு எல்லாம் இருந்தது. ஆனால் எழுத்தோடு சைக்கிளும் வந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல் உடைத்துக் கொண்டிருந்த பெண்களுக்குக் குவாரியே குத்தகைக்கு வந்தது. குத்தகைப் பத்திரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறபோது எழுத்துக் கற்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்வி சொத்துறவைத் தொட்டது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, அது நீடிக்கவும் இல்லை. இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

காலநிலைக் கல்வியைத் திட்டமிடுகிறவர்கள் கையில் ‘கண்காணிப்பும் மதிப்பீடும்’ என்று ஒரு அத்தியாயம் எப்போதும் இருக்கும். கிளாஸ்கோ திட்டத்தின் நான்கு முன்னுரிமைகளில் அதுவும் ஒன்று. எத்தனை பயிலரங்கு, எத்தனை பேர், எத்தனை கையேடு என்று எண்ணுகிற பழக்கத்தை அங்கேதான் உடைக்க வேண்டும். நம் தோழர்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போகிறார்கள், போக வேண்டும். போகும்போது இந்தக் கேள்விகளை எடுத்துப் போகட்டும். பயிலரங்கு எந்தத் தெருவில் நடந்தது, ஊரிலா சேரியிலா? பயிற்றுநர்களில் கூலி வேலை செய்கிறவர் எத்தனை பேர், அவருக்கு அன்றைய கூலி கொடுத்தீர்களா? வெள்ள எச்சரிக்கை சேரிக்கு எத்தனை மணிக்கு வந்தது, ஊருக்கு எத்தனை மணிக்கு வந்தது? புயல் முகாமாக அறிவித்த கட்டடத்துக்குள் நம்மை விட்டார்களா? வெளியேற்றுவதற்கு முன் கொடுத்த தகவல் எழுத்தில் இருந்ததா, மறுப்புச் சொல்ல எத்தனை நாள் இருந்தது? மழைக்காலத்தில் சுடுகாட்டுக்கு எது வழி?